ஏறுகிற எண்

— இப்ப?

— ஏறுது.

— எவ்ளோ?

— ஸ்கிரீன்ல நூத்தி நாப்பது இருந்துச்சு. இப்ப நூத்தி நாப்பத்தஞ்சு. அஞ்சுதானேம்மா? என் பஸ்ல டீசல் முள்ளு இதைவிட ஆடும்.

— டீசல் முள்ளு எறங்கினா பயப்படணும், டிரைவர் சார். இது ஏறினா பயப்படணும். ஏறவே கூடாது. ஒரே இடத்துல நிக்கணும்!

— சரி சரி, கத்தாத. பாப்பா எழுந்துடப் போறா.

— தூங்குறாளா?

— எட்டிப் பார்த்தேன். போர்வையத் தலை வரைக்கும் இழுத்துப் போத்திட்டு சுருண்டு கெடக்கா. கதவை மெதுவா சாத்திட்டு வந்தேன்.

— அப்பாடா. ஆறு மணி வரைக்கும் அவ தூங்கட்டும். இப்ப எழுந்து மடியில ஏறினா நான் தொலைஞ்சேன்.

— ஆறு மணிக்கு என்ன? காலைல நீ சொல்றப்ப நான் பல்லு தேய்ச்சுட்டு இருந்தேன், பாதிதான் காதுல விழுந்துச்சு.

— ஆறு மணிக்கு வாத்தியாரு கதவைச் சாத்திடுவாரு.

— யாரு, அந்தத் தாடிக்காரரா? உங்க புரோகிராம் மொழிய வெளியிடுறவரு?

— அவரேதான். இந்த வருஷம் மொழியோட சேர வேண்டியது எல்லாம் ஆறுக்குள்ள அவர் கைக்குப் போகணும். போன வருஷம் விட்டேன். இந்த தடவையும் விட்டா, வேற யாருகிட்டயாவது இந்த வேலையக் குடுத்துடுவேன்னு எழுதியிருக்காரு.

— உன்னோடதைத்தான் ஏற்கனவே ஜனங்க டவுன்லோட் பண்ணிட்டு இருக்காங்களே. அப்புறம் எதுக்கு இந்த ஓட்டம்?

— தனியா டவுன்லோட் பண்றது வேற, மொழியோடவே வர்றது வேற. நீங்க கடையில வாங்கி மாட்டுற ஹாரன் வேற, பஸ்ஸோடவே வர்ற பிரேக் வேற. பிரேக் இருக்கான்னு யோசிச்சுட்டா மிதிக்கிறீங்க? இருக்கும்னு நம்பித்தானே மிதிக்கிறீங்க.

— பிரேக்கை இழுக்காத.

— பாப்பா பொறந்ததுலேர்ந்து யாரு கேட்டாலும் சும்மா வீட்லதான் இருக்கேன்னு சொல்லிட்டு இருக்கேன். இது மட்டும் சேர்ந்துட்டா... இருங்க இருங்க. எண்ணைப் பாருங்க.

— நூத்தி அம்பத்திரெண்டு.

— போச்சு. ஒழுகுது. இதோட அனுப்பினா இருக்கிற மெஷின்ல எல்லாம் ஒழுகும். அனுப்பாம விட்டா...

— மொதல்ல மூச்சு விடு. பார்த்துக்கலாம். எங்க ஒழுகுதுன்னு எனக்கு ஒரு தடவை சொல்லு. எனக்குப் புரியாட்டியும் பரவால்ல, சொல்றப்ப உனக்குப் புரியும்.

— என் புரோகிராம் என்ன பண்ணுதுன்னாவது தெரியுமா?

— தெரியுமே. பெரிய ஃபைலை அமுக்கிச் சின்னதாக்குது. வெளியூர் போறப்ப நீ பெட்டி மேல ஏறி உட்காருவ, நான் ஜிப்பை இழுப்பேனே, அது.

— அமுக்குறது நான் இல்லங்க. அதுக்கு வேற ஒருத்தர் எழுதின ரெடிமேட் புரோகிராம் இருக்கு, லைப்ரரின்னு சொல்லுவோம். நம்ம புரோகிராம் மொழி சொல்றது அதுக்குப் புரியாது, அது சொல்றது நம்ம மொழிக்குப் புரியாது. நான் எழுதினது நடுவுல நின்னு ரெண்டுக்கும் எடுத்துச் சொல்லும்.

— எங்க அம்மாவுக்கும் உனக்கும் நடுவுல நான் நிக்கிற மாதிரி.

— அதேதான். நிக்கிறவரு எங்கயோ ஒரு இடத்துல கோட்டை விட்டிருக்காரு.

— என்னைச் சொல்றியா, புரோகிராமைச் சொல்றியா?

— வெளையாடாதீங்க, மணி ஓடுது. கேளுங்க. அமுக்குறப்ப அந்த லைப்ரரி கம்ப்யூட்டர்கிட்ட கொஞ்சம் இடம் கேட்டு வாங்குது. வேலை முடிஞ்சா அதைத் திருப்பிக் குடுத்துடணும். குடுக்காம விட்டா இந்த எண்ணு ஏறிக்கிட்டே போய், கடைசியில மெஷின் மூச்சு முட்டி நின்னுடும்.

— யாரு குடுக்கணும்?

— லைப்ரரிதான். வேலை ஒழுங்கா முடிஞ்சா அதுவே குடுத்துடும்.

— ஒழுங்கா முடியலைன்னா?

— அப்பவும் அதுவேதான்... கெட்டுப்போன ஃபைல் வந்து பாதியில நின்னுச்சுன்னா... இருங்க இருங்க. பாதியில நின்னா... ஐயோ!

— என்னம்மா?

— பாதியில நின்னா நாமதான் குடுக்கணும்! அது பார்த்துக்கும்னு நான் இருந்துட்டேன். நான் பார்த்துப்பேன்னு அது இருந்துடுச்சு. ரெண்டு பேரும் அதைத் தொடவே இல்ல!

— நம்ம கேஸ் சிலிண்டர் கதை. நீ புக் பண்ணியிருப்பேன்னு நானும், நான் பண்ணியிருப்பேன்னு நீயும் இருந்தோமே. அன்னிக்கு ராத்திரி மூணு பேரும் பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுத்தோம்.

— அன்னிக்கு நீங்கதான் புக் பண்ணியிருக்கணும்.

— பாரு, அந்தக் கேசுல இன்னும் தீர்ப்பே வரல.

— சிரிப்பு காட்டாதீங்க. ஒரே ஒரு வரிதான்... எழுதிட்டேன். ஓட விடுறேன். படிங்க.

— நூத்தி நாப்பது.

— இப்ப?

— நூத்தி நாப்பது.

— எனக்காகச் சொல்றீங்களா?

— பாப்பா மேல சத்தியமா நூத்தி நாப்பது. நட்டு வெச்ச மாதிரி நிக்குது. அனுப்பு, அனுப்பு!

— அனுப்பிட்டேன். போயிடுச்சு. வாத்தியாரு பார்க்கணுமே. ஏன் இன்னும் பார்க்கல?

— உன் போன் எங்க? கூப்பிட்டுச் சொல்லிடேன்.

— பீரோவுக்குள்ள. மத்தியானமே சத்தத்தை அடக்கித் துணிக்கு அடியில வெச்சுட்டேன். அது அடிச்சாலே எனக்குத் தூக்கி வாரிப் போடுது. உங்க போன்?

— டிப்போலயே சார்ஜ் தீர்ந்து செத்துப் போச்சு. வந்ததும் சொருகினேன், இன்னும் உயிர் வரல.

— மணி பார்க்காதீங்க. நீங்க பார்த்தா எனக்கும் பார்க்கணும் போல இருக்கு.

— பார்க்கல. சுவத்தைத்தான் பார்க்கிறேன். சுவத்துல கடிகாரம் மாட்டியிருந்தா நான் என்ன பண்ண?

— வந்துடுச்சு... என்னங்க, வந்துடுச்சு!

— என்ன எழுதியிருக்காரு? படி!

— ஒரே வார்த்தை. சேர்த்தாச்சு.

— அடி சக்கை! இன்ஜினியரம்மா!

— எனக்கு அழுகையா வருதுங்க.

— அழு, அழு. இனிமே யாராவது கேட்டா சும்மா இருக்கேன்னு சொல்லிப் பாரு, தெரியும்.

— பாப்பாவ எழுப்புங்க. அவகிட்டதான் மொதல்ல சொல்லணும். பாவம், இவ்ளோ நேரம் சத்தமே இல்லாமத் தூங்கியிருக்கா.

— நீயே எழுப்பு. நீ தூங்க வெச்சு நான் எழுப்பினா ஊரைக் கூட்டுவா.

— நான் எங்க தூங்க வெச்சேன்? நீங்கதானே கூட்டிட்டு வந்து படுக்க வெச்சீங்க.

— நானா?

— கதவு சத்தம் கேட்டுச்சே. எனக்குத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்ல.

— அது நான் வந்த சத்தம். மழையில ஒரு டிரிப்பை நிறுத்திட்டாங்க, டிப்போலேர்ந்து நேரா வீட்டுக்கு வந்தேன்.

— இன்னிக்கு சீக்கிரம் வந்துடுவேன்னு நீங்கதானே காலைல சொன்னீங்க?

— வீட்டுக்கு வருவேன்னு சொன்னேன். எப்பவும் நீதானே கூட்டிட்டு வருவ?

— வெளையாடாதீங்க.

— வாசல்ல அவ ஷூ கெடக்கேம்மா. அதைப் பார்த்துதான்...

— எந்த ஷூ?

— கருப்பு ஷூ.

— இன்னிக்கு விளையாட்டு வகுப்புங்க. அவ வெள்ளை கேன்வாஸ் போட்டுட்டுப் போனா.

— இல்ல, நான் என் கண்ணால பார்த்தேன். போர்வைக்குள்ள...

— லைட்டைப் போடுங்க. அந்த ரூம் லைட்டைப் போடுங்க!

— தலகாணி. ரெண்டு தலகாணிதான் இருக்கு.

— பள்ளிக்கூடம் விட்டு எவ்ளோ நேரமாச்சு! மழை வேற... போன், போன் எங்க?

— பீரோ, பீரோன்னு சொன்னியே! இந்தா.

— ஐயோ, மேலேர்ந்து கீழ வரைக்கும் பள்ளிக்கூடத்து நம்பர்தான்.

— கூப்பிடு! நான் சட்டையப் போட்டுட்டு ஓடுறேன்.

— அடிக்குது... அடிக்குது... எடுங்களேன்... ஹலோ? ஹலோ, வாட்ச்மேனா?

— நான்தாம்மா. மாமா கேட்டைப் பூட்டப் போயிருக்காரு, அதான் நானே எடுத்தேன். எல்லாரும் போயிட்டாங்க. மாமா கேட்டுட்டே இருக்காரு, எனக்குச் சொல்லத் தெரியல. இன்னிக்கு என்னை யாரும்மா கூட்டிட்டுப் போகணும், நீயா, அப்பாவா?