தலையில் மெஷினோடு மலைக்குப் போன ராக்காயி

பெயர்: சுப்பன் மாயாண்டி. வயது: 66. தொழில்: தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வேலை செய்து ஓய்வு. வதிவிடம்: மேற்கணக்கு லயம், சின்னப்பாறைத் தோட்டம், நுவரெலியா மாவட்டம். திகதி: 2006.07.19.

மெஷின் காணாமற்போன முறைப்பாடு பற்றி விசாரிக்கப்பட்ட நான் சொல்வதாவது:

கூடைக் கயிற்றைத் தலையில் போட்டுக் கொழுந்தெடுத்த என் மனைவி ராக்காயிக்கு இப்போது மறதி. என்னையே "நீங்க யாரு வீட்டு ஆளு?" என்று கேட்பாள். நேற்று கொழும்பிலிருந்து டாக்டர் நிரூபா என்பவர், மூளை அலையைப் பதிகிற சின்ன மெஷின் ஒன்றை எங்கள் டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்து, இந்த வியாதியை அது கண்டுபிடிக்குமா என்று சோதிப்பதாகச் சொன்னார். சுகமான ஆளின் பதிவும் வேண்டுமென்று முதலில் எனக்குப் பூட்டினார்கள். என் மூளைக்குள்ளே ஏதோ ஓடுகிறது என்றார்கள். கூட வந்த என் மகள் கிருஷாந்தி நம்பவில்லை.

அதன் பிறகு ராக்காயி தலையைக் கொடுக்காமல் டாக்டரின் கையைத் தட்டிவிட்டதால், நான் பெரிய கெட்டிக்காரன் போல, "கூடைக் கயிறுதான் புள்ள, தலையக் குனி" என்றேன். உடனே குனிந்தாள். மெஷினின் பட்டியைத் தலையில் பூட்டி, பெட்டியைப் பையில் போட்டு முதுகில் மாட்டினார்கள். டாக்டர், "ஐயா, நீங்கள் எங்களோட வேலைக்கு வாங்கோ" என்று சிரித்தார்.

அதன் பிறகு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார். நான் மகளிடம் என் மூளையின் பெருமையைச் சொல்லிக்கொண்டு நின்றேன். அந்த நேரம், ஆட்களை மறுபடி கொழுந்தெடுக்கக் கூப்பிடும் பகல் சங்கு ஸ்டோரில் ஊதியது. திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி.

அதன் பிறகு தேயிலை மலையில் ஓடிக் கேட்டபோது, கொழுந்தெடுத்த பெண்கள், "அக்கா முதுகுப் பையில கொழுந்தப் போட்டுக்கிட்டே மேல போச்சுங்க, புதுக் கூடைன்னு நாங்க சிரிச்சோம்" என்றார்கள். அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஊரே தேடியும் கிடைக்கவில்லை.

இன்று காலை காட்டோரத்தில் மெஷின் பையோடு கிடைத்தது. பையில் கொழுந்தும் இருந்தது. ஒரு முற்றல் இலை கிடையாது.

சார்ஜன்ட் ஐயா என்னிடம், "மெஷின் முறைப்பாடு முடிந்தது, நீ வீட்டுக்குப் போகலாம்" என்றார். ராக்காயியைத் தேடக் காட்டுக்குள் ஆள் அனுப்பக் கேட்டேன். போன ஆட்களே வழி தெரியாமல் திரும்பி வந்திருக்கிறார்கள், மூட்டம் விடட்டும் என்றார். மெஷினைப் பார்த்த டாக்டர், அவள் கழற்றும் வரைக்கும் அது பதிந்திருக்கிறது என்றார். அவள் எந்தப் பக்கம் போனாள் என்று அதில் தெரியுமா என்று கேட்டேன். "அது தெரியாது ஐயா" என்று சொல்லி அழுதார். நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. ஒப்பம் வைத்துவிட்டு மறுபடியும் காட்டுப் பக்கம் போகிறேன்.

(ஒப்பம்) சு. மாயாண்டி