அப்புறம் கூப்பிடுறேன்

ஒரு வீட்டுக்கு மூன்று தொலைபேசி எண்கள் இருந்தால் மூன்று கருவிகள் வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வேண்டியதே இல்லை. நீங்கள் மேசை மேல் வைத்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டி ஒன்று போதும். என் கால் ஆடிக்கொண்டே இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். மணிச் சத்தத்தோடு வாழ்ந்த பழக்கம்.

எங்கள் வீட்டில் மூன்று இணையத் தொலைபேசிச் சேவைகள் இருந்தன. ஒன்று என் தொழிலுக்கு. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பவன் நான். இன்னொன்று என் மனைவிக்கு. போனிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். மூன்றாவது வெளிநாட்டில் இருக்கும் அவளுடைய அக்காவோடு பேசுவதற்கென்றே வாங்கியது. மூன்று மணி, மூன்று கருவி. இவள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, அடிக்காத போனை எடுத்து "ஹலோ ஹலோ" என்பாள். எங்கள் வீடு நாலு உயரமான கட்டடங்களுக்கு நடுவே கிணறு மாதிரி இருக்கிறது. செல்போன் சிக்னல் உள்ளே வராது. செல்போனும் வீட்டு வைஃபையில்தான் பேச வேண்டும்.

அதனால் மூன்றையும் இந்தப் பெட்டிக்குள் கொண்டுவந்தேன். எந்த எண்ணுக்கு அழைப்பு வந்தாலும் முதலில் பெட்டிக்கு வரும். யாருக்கு மணி அடிக்க வேண்டும் என்பதை அதில் வரிசையாக விதிகளாக எழுதி வைக்கலாம். பெட்டி மேலிருந்து கீழே படிக்கும். எந்த விதி முதலில் பொருந்துகிறதோ அதைச் செய்துவிட்டு நின்றுவிடும். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம். மனிதர்கள் அப்படி நிற்பதில்லை.

"ஏங்க, வீட்டுக்குள்ளயே எக்ஸ்சேஞ்சு வச்சுட்டீங்களே. இனி உங்களைப் பாக்கணும்னா எந்த நம்பரை அழுத்தணும்?" என்று என் மனைவி சிரித்தாள். அவளுக்கு அது உண்மையிலேயே பிடித்திருந்தது.

இனி அக்கா. தினமும் பகல் பதினொரு மணிக்கு அக்காவின் அழைப்பு வரும். இருவரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேசி முடித்த பிறகுதான் பிரச்சினை. இவள் ஜன்னலுக்கு ஜன்னல் நடப்பாள். "அக்கா வரச்சொல்றா. அங்க பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் வேலை இருக்காம்" என்பாள். நடந்துகொண்டே இருப்பாள். ஒருவர் நடந்தால் இன்னொருவரால் உட்கார முடியாது. நானும் எழுந்து நடப்பேன். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடாது.

முதலில் ஒரே ஒரு விதிதான் எழுதினேன். அக்காவின் எண் வந்தால் மணி அடிக்காமல் பதிவுக் குரலுக்குப் போகட்டும், ஒரு வாரம் மட்டும். டியூஷன் பெற்றோர்களுக்காக என் மனைவி பதிவு செய்து வைத்திருந்த குரல் அது: "இப்ப பேச முடியாது, அப்புறம் கூப்பிடுறேன்." அதையே பொருத்தினேன். புதிதாகப் பொய் எதையும் தயாரிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் வீடு அமைதியாக இருந்தது. எனவே விதியை எடுக்கவில்லை. அக்கா வீட்டில் இருந்த மற்ற இரண்டு எண்களையும் சேர்த்தேன். இவள் செல்போனில் அந்த எண்களின் அழைப்புகளையும் செய்திகளையும் முடக்கினேன். அரை நிமிட வேலை. வெளியே போகும் அழைப்புக்கும் ஒரு விதி எழுதினேன்: அக்காவை அழைத்தால் எட்டு முறை மணி அடிக்கும் ஓசை கேட்கும், பிறகு அறுந்துவிடும். அந்த ஓசையைப் பெட்டியே தரும். அங்கே எந்த மணியும் அடிக்காது.

இது மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். அவள் கடைத்தெருவுக்குப் போனால் சிக்னல் உண்டு. ஆனால் என் மனைவி ரோஷக்காரி. மூன்று முறை எடுக்காதவர்களை நான்காவது முறை அழைக்க மாட்டாள். அந்த விதியை நான் எழுதவில்லை. அவளிடம் ஏற்கெனவே இருந்தது.

"அக்காவுக்கு என் மேல என்னங்க கோவம்?" என்று கேட்டாள்.

"வசதி வந்தா அப்படித்தான். விடு."

"என் அக்கா அப்படி இல்ல."

"அப்ப எடுத்திருப்பாங்களே" என்றேன். அதற்குப் பிறகு பதினொரு மணியானால் ஏதாவது பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பிப்பாள். தேய்த்ததையே திரும்பத் தேய்ப்பாள்.

அக்கா பதிவுக் குரலுக்குப் பிறகு பேசிவைத்ததெல்லாம் பெட்டியில் இருக்கிறது. ஏழு மாதத்தில் அறுபத்து மூன்று. எல்லாவற்றையும் கேட்டேன். ஆரம்பத்தில் கிண்டல்தான். "ஏண்டி மகாராணி, உன் தரிசனத்துக்கு டோக்கன் வாங்கணுமா?" இருபதுக்கு மேல், "வயித்துல ஏதோ கட்டியாம், பயப்படாதே, எனக்கே பயமில்ல." நாற்பத்தெட்டில், "டாக்டர் நாள் சொல்ல மாட்டேங்கறார். ஒரு தடவை வந்துட்டுப் போடி. கோவம் இருந்தா நேர்ல வந்து திட்டு." கடைசியில் பேச்சே இல்லை, மூச்சுதான். பின்னணியில் ஏதோ இயந்திர இரைச்சல் இருந்தது. அதை வடிகட்டிப் பார்த்தேன். நாற்பத்தொரு வினாடி. என் மனைவியின் செல்லப் பெயரை இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

அப்போது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் இவள் அன்றைக்கே கிளம்பியிருப்பாள். போனால் திரும்பி வருவாளா என்று எந்தப் பெட்டியில் எழுதி வைப்பது?

தவறு வேறு இடத்தில் நடந்தது. டியூஷன் இணைப்பில் ஒலி விட்டுவிட்டு வந்ததால் நான்காவதாக ஒரு சேவை வாங்கினேன். புதிய இணைப்பு, விதி எதுவும் எழுதாதவரை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் மணி அடிக்கும். ஒலி கண்ணாடி போல இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு: ஓடுகிற எதையும் நோண்டாதே. நோண்டவில்லை. அன்றே இவள் அந்த எண்ணைப் போட்டு டியூஷன் விளம்பரம் கொடுத்தாள். அக்காவின் மகள் அதை இணையத்தில் தேடிப் பிடித்திருக்கிறாள்.

பகல் பதினொரு மணி. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒன்றாக அடித்தன. என் மனைவி ஈரக் கையோடு எடுத்தாள்.

"சித்தி, அம்மா போய் ஒன்பது நாளாச்சு. நீங்க ஏன் சித்தி ஒரு தடவைகூட எடுக்கல?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள். பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. கணக்கு டீச்சர் அல்லவா, ஒவ்வொரு படியாகப் போட்டு விடைக்கு வந்துவிட்டாள். மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டியைப் பையில் வைத்து, செருப்பு மாட்டிக்கொண்டு நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தாள்.

செய்தது நான்தான். மறைக்கவில்லை. ஆனால் அறுபத்து மூன்றில் ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை, தேதி வரிசையில் வைத்திருக்கிறேன். கெட்ட எண்ணம் உள்ளவன் அப்படி வைப்பானா? இதை அவளிடம் சொல்லுங்கள்.

நானே சொல்லத்தான் நேற்று உங்கள் ஆள் கொடுத்த போனில் அவளை மூன்று முறை அழைத்தேன். வீட்டில் பெட்டி இல்லை என்பது எனக்குத் தெரியும். பெட்டி இல்லாவிட்டால் சேவை நிறுவனத்தில் இருக்கும் பழைய பதிவுதான் பேசும் என்பதும் எனக்குத் தெரியாதா? இருந்தாலும் மூன்று முறையும் அவள் குரலில்தான் சொன்னாள், அப்புறம் கூப்பிடுறேன் என்று. சொன்னால் சொன்னபடி செய்கிறவள். அந்தப் போனைக் கொஞ்சம் என் பக்கத்திலேயே வைத்திருங்கள்.