குட்டையோரம் மாமியார்

புதுவாயல் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். எனக்கு முன்னால் சீருடையில் இருந்த இளைஞர், பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னதைக் கேட்டதும் என் காது அங்கேயே போய்விட்டது.

"எங்க மாமியாரை குட்டையாண்ட நிக்க வெச்சு போட்டோ புடிச்சாங்கண்ணே."

"இன்னாத்துக்குப்பா?"

"மழைத்தண்ணி சேக்க வயல்ல குட்டை வெட்டுனா கவர்மென்ட்டு மானியம் தருது. நெலம் அவங்க பேர்ல கீது. அவங்க நின்னாதான் போட்டோ செல்லும்."

"நெல்லு வெளையற எடத்துல பள்ளமான்னு ஜேசிபி முன்னாடி படுத்துக்கினாங்களே, அவங்களா?"

"அவங்களேதான். இப்போ பட்டுப்பொடவை கட்டிக்கினு வந்து, குட்டையாண்ட நட்ட போர்டுல எம்பேரு தெரியல, இன்னொருதரம் எடுன்றாங்க."

"மானியம் வந்துச்சா?"

"வந்துச்சு, அவங்க அக்கவுண்டுக்கு. ஜேசிபிக்கு குடுத்தது என் காசு. போய்க் கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

பஸ் வந்தது. இளைஞர் சிரித்துக்கொண்டே படியில் ஏறினார்.

"'அது இருக்கட்டும் மாப்ள, மேல வயல்லயும் ஒரு குட்டை வெட்டணும். அந்த ஜேசிபிக்காரனுக்கு போன் போடு'ன்றாங்கண்ணே!"