பெட்ரோல் வற்றும்வரை பக்கத்தில் நின்ற எங்கள் எஞ்சின் அக்காவுக்கு

இருபத்தொன்பது ஆண்டுகள் இந்தச் சுகாதார நிலையத்தின் இருளை எதிர்த்து நின்ற இனியவரே! கயிற்றை ஒருமுறை இழுத்தாலே கடகடவென்று கண் விழிக்கும் ஜெனரேட்டர்களின் காவலரே! கரி படிந்த பிளக்கையும் கடுகடுத்த எங்கள் முகங்களையும் ஒரே கந்தைத் துணியால் துடைத்துப் பளபளக்க வைத்த கைவண்ணமே! மருத்துவர் முதல் வாயிற்காவலர் வரை மறுபேச்சின்றிப் பணிந்த மாண்பே! எங்கள் எஞ்சின் அக்காவே! தங்கள் ஓய்வு நாளாம் இந்நன்னாளில், நிலையத்தின் பணியாளர்கள் நாற்பத்திரண்டு பேரும் கூடி நின்று வணங்குகிறோம்.

இத்தனை அடைமொழிகளைக் கேட்டுத் தாங்கள் இப்போதே முகத்தைச் சுளித்திருப்பீர்கள். ஒரு டீயைக் கொடுத்து அனுப்பினால் போதும், மடலும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்று போன வாரமே சொல்லிவிட்டீர்கள். ஆனால் மடல் என்றால் மணக்க மணக்க எழுத வேண்டும் என்பது மரபு. அலுவலக எழுத்தர் என்ற முறையில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. பொறுத்தருள வேண்டும்.

தடுப்பூசி அறைக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ், தங்களின் தனி அரசு அமைந்திருந்தது. ஜெனரேட்டர்கள் இரண்டு, கொசுப்புகை அடிக்கும் மெஷின்கள் நான்கு, தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்று, புல் வெட்டும் மெஷின் ஒன்று, செவிலியர்கள் வீடு வீடாகச் செல்லும் ஸ்கூட்டர்கள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஓர் உறை, கழுத்தில் தொங்கும் ஓர் அட்டை. சோக்கை இழுத்துச் சற்றுக் கெஞ்சினால்தான் கிளம்பும் பழைய ஜெனரேட்டருக்கு ‘மாமியார்’ என்று பெயர். தொட்டவுடன் ஓடும் புதியதற்கு ‘மருமகள்’ என்று பெயர். மாமியாரையும் மருமகளையும் ஒரே கூரையின் கீழ் ஒரு சண்டையும் இல்லாமல் வைத்திருந்தவர் உலகத்திலேயே தாங்கள் ஒருவர்தான் என்று எங்கள் வண்டி ஓட்டுநர் சொல்வார். அவர் வீட்டு நிலவரம் அவருக்குத்தான் தெரியும்.

ஓடுகிற எஞ்சினை எவரும் பார்த்துக்கொள்வார், ஓய்கிற எஞ்சினைப் பார்த்துக்கொள்பவரே உண்மையான பொறுப்பாளர் என்பது தங்கள் கொள்கை. மாதக்கணக்கில் உறங்கப் போகும் மெஷினுக்குச் சூடு ஆறுவதற்குள் ஆயிலை மாற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றி உள்ளே ஒரு கரண்டி ஆயிலை விட்டு, கயிற்றை மெல்ல இரண்டு முறை இழுத்து, மறுபடி மாட்ட வேண்டும். புகைக்குழாய்க்குள் எலி குடித்தனம் வைக்காதபடி துணியை அடைக்க வேண்டும். அடைத்ததை மறந்து ஓட்டாதபடி அத்துணியில் சிவப்பு நாடா தொங்க வேண்டும். ஸ்கூட்டர் என்றால் பேட்டரி ஒயரைக் கழற்றி, நடு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். “பெட்ரோல் என்ன ஊறுகாயா, வருஷக்கணக்கா ஜாடியில போட்டு வெக்க?” என்று கேட்டபடியே டேங்கைக் காலி செய்வீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் இருந்தது. டேங்கைக் காலி செய்து, பெட்ரோல் வரும் வழியை அடைத்த பிறகு, சுவிட்சைத் தொடக் கூடாது. கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் இருக்கும் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்து, இருமி, விக்கி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நின்றவர் அட்டையில் ‘வற்றியது’ என்று எழுதித் தேதி போட வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். அந்த ஐந்து நிமிடத்தில் தலைமை மருத்துவரையே ஒருமுறை புல் வெட்டும் மெஷின் பக்கத்தில் காவலுக்கு நிறுத்திவிட்டுத் தாங்கள் கை கழுவப் போனீர்கள். அவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மூக்கால் மோந்தே பெட்ரோலின் வயதைச் சொன்னது, மழையில் நனைந்து வழியில் படுத்த செவிலியரின் ஸ்கூட்டரை ஒன்றரை மைல் நடந்து போய்ப் பிளக் தொப்பியைத் துடைத்து எழுப்பியது, அவர் நன்றி சொல்ல வாயெடுத்ததும் “முதல்ல காத்தடிங்க, டயரப் பாருங்க” என்று திட்டியது என்று இன்னும் எவ்வளவோ எழுதலாம். எழுதித்தான் வைத்திருந்தேன். நான்கு பக்கம். அவற்றைக் கிழித்துவிட்டேன். பாராட்டு மடலில் ‘நாங்கள்’ மட்டுமே பேச வேண்டும், ‘நான்’ தலைகாட்டக் கூடாது என்பது முறை. இனி வரும் வரிகளில் அந்த முறையை மீறுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் தங்கள் கணவரின் கண் அறுவை சிகிச்சைக்காகத் தாங்கள் ஒரே ஒரு நாள் விடுப்பு எடுத்தீர்கள். அன்று முகாம் முடிந்து திரும்பிய மாமியாரை உறங்க வைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தீர்கள். டேங்கைக் காலி செய்தேன். வழியை அடைத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிடவிருந்த நம் வண்டி ஓட்டுநர் வாசலில் ஹாரன் அடித்தார். என் கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. ஐந்து நிமிடத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று சுவிட்சை அணைத்தேன். அட்டையில் ‘வற்றியது’ என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டுப் போனேன்.

ஐந்து மாதம் கழித்து மழை வந்தது, மின்சாரம் போனது. மருமகள் ஆற்றுக்கு அக்கரையில் முகாமில் இருந்தாள். மாமியாருக்குப் புதுப் பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தீர்கள். ஓட்டுநர் இழுத்தார், மருந்தாளுநர் இழுத்தார், நானும் இழுத்தேன். அசையவில்லை. தடுப்பூசிக் குளிர்பெட்டியின் சூட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செவிலியர் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். தாங்கள் கார்புரேட்டரைக் கழற்றினீர்கள். கிண்ணத்தின் அடியில் பழைய பெட்ரோல் பசையாக உறைந்து, ஊசிமுனைத் துளையை அடைத்திருந்தது. ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி அந்தத் துளையைக் குத்திக் குத்தித் திறந்தீர்கள். மாமியார் கண் விழித்தபோது இரண்டு மணி நேரம் கடந்திருந்தது. இரண்டு பெட்டித் தடுப்பூசி வீணாகியிருந்தது. மறுநாள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்களில் பாதிப் பேர் வெறும் கையோடு திரும்பினார்கள்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். யார் பொறுப்பு என்று கேட்டார். ஜெனரேட்டரின் கழுத்தில் அட்டை இல்லை. அவர் வருவதற்கு முன்பே அதைத் தாங்கள் எடுத்து மறைத்துவிட்டீர்கள். “அறை என்னோடது. யார் செஞ்சாலும் நான் பாத்திருக்கணும். எழுதிக்குங்க” என்றீர்கள். தங்கள் பணிப்பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்ற சொல் ஏறியது. அந்த ஆண்டு வந்திருக்க வேண்டிய பணிமனைத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. நான் கோப்பைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கைக்குழந்தை, தற்காலிக வேலை, நிரந்தரமாக்கும் ஆணை வரவேண்டிய நேரம் என்று நூறு காரணம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்!

மறுநாள் என் மேசைக்கு வந்தீர்கள். “அடுத்த தடவ பக்கத்துல நில்லுங்க தம்பி. அது தானா நின்னுடும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள். இந்த ஆறு ஆண்டில் ஒரு குத்தல் பேச்சு இல்லை, ஓர் ஓரப்பார்வை இல்லை. திட்டியிருந்தால் தின்ற சோறு செரித்திருக்கும்.

சென்ற மாதம் இம்மடலுக்குத் தகவல் திரட்டத் தங்கள் வீட்டுக்கு வந்தேன். தாங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். தங்கள் கணவர் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். “என் கண்ணுக்காக அவ லீவு போட்டா. அன்னைக்கு அவ அங்க இருந்திருந்தா இந்தக் கெட்ட பேரு வந்திருக்காது. எனக்குப் பார்வை கிடைச்சு என்ன பிரயோஜனம், சொல்லுங்க” என்றார். தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன், அக்கா.

மறுநாள் காலையில் தலைமை மருத்துவரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பரிந்துரை எழுதி இயக்குநருக்கு அனுப்பினார். நேற்று முன்தினம் ஆணை வந்தது. தங்கள் பதிவேட்டிலிருந்து அந்தச் சொல் அடிக்கப்பட்டுவிட்டது. அது போக வேண்டிய பதிவேட்டுக்குப் போய்விட்டது. தெரிந்தால் தாங்கள் குறுக்கே விழுந்து தடுப்பீர்கள் என்பதால் நாற்பத்திரண்டு பேரும் இந்த இரண்டு நாளும் வாயைப் பூட்டி வைத்திருந்தோம். மருந்தாளுநர் ரகசியம் காத்தது இந்நிலையத்தின் வரலாற்றில் இதுவே முதல்முறை.

இந்த இடத்தில் தாங்கள் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பீர்கள். “அதெல்லாம் எதுக்கு இப்போ” என்று கையை ஆட்டுவீர்கள். தயவுசெய்து உட்காருங்கள், அக்கா. இருபத்தொன்பது ஆண்டுகள் நீங்கள் சொன்னதை நாங்கள் கேட்டோம். இன்று ஒரு நாள் நாங்கள் சொல்வதைக் கேளுங்கள்.

நோயற்ற உடலும், நோகாத முழங்காலும், நிறைந்த உறக்கமும், நீண்ட ஆயுளும் தங்களுக்கு வாய்க்கட்டும். தங்கள் கைகளிலிருந்து ஆயில் வாடை போகட்டும். போக மறுத்தால் அதுவும் இருக்கட்டும். தோன்றும்போதெல்லாம் இங்கு வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போக வேண்டும் என்று விரும்பி வேண்டுகிறோம்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவருக்கு ஒரு சொல். ஐயா, தங்கள் மனைவி தங்களோடு இருந்த அந்த ஒரு நாளில் எந்தத் தவறும் இல்லை. காரணம் உங்கள் கண் அல்ல. என் கை. இனி அந்தக் கண்ணால் அவரை நிம்மதியாகப் பாருங்கள்.

என்றும் தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
சுகாதார நிலையப் பணியாளர்கள் அனைவரும்.

இம்மடலை எழுதியவரும், அன்று சுவிட்சை அணைத்தவரும்:
அலுவலக எழுத்தர்.