முப்பத்திரண்டாவது லெட்டர்

ஹலோ, ஸ்ரீவத்சன் சாரா? மஹாலட்சுமி பேசறேன்... ஆமா ஆமா, என் நாவலோட ப்ரூஃப் வந்துச்சு. அதுக்குத்தான் கூப்புடறேன்... இருங்க, நான் முடிச்சிடறேன். கதையில பொண்ணு ஹாஸ்டல்ல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் அம்மாவுக்கு எழுதறது முப்பத்தோரு லெட்டர். முப்பத்திரண்டாவது எங்கேர்ந்து வந்துச்சு?... நீங்களே எழுதிட்டீங்களா?

...படிச்சேன், படிச்சேன். 'கரஸ்பாண்டன்ட் ஐயா ஃபீஸ் கட்டலைன்னா நான் ஏது?' யாரு சார் அந்த ஐயா? கோவளத்துல மீன் வித்து அம்மா படிக்க வெச்சாங்க. பொண்ணு சிங்கப்பெருமாள் கோவில்ல ஷெட் புடிச்சு, இறால் பேக்கிங் கம்பெனி வெச்சு மேல வந்தா. நடுவுல எந்த ஐயாவும் இல்ல... என்னது? வாசகர்கள் நம்ப மாட்டாங்களா? மீன்காரி பொண்ணு தானா முன்னுக்கு வந்தா நம்ப மாட்டாங்க, எவனோ தூக்கிவிட்டான்னா நம்புவாங்க. அப்படித்தானே?

...சரி... சரி சார்... சொல்லுங்க, கேட்டுக்கினுதான் கீறேன்...

புஸ்தக வெளியீட்டு விழாவுக்கா? தாம்பரத்துலயா?... சீஃப் கெஸ்ட் யாரு?... தாமோதரனா? எங்க காலேஜ் கரஸ்பாண்டன்ட் தாமோதரனா?... ஓ. அவரு மேடையில வாசிக்கத்தான் இந்த லெட்டர். சீஃப் கெஸ்ட்டுக்கு சால்வை போதாதா சார்? என் புஸ்தகத்தையே எடுத்துப் போத்தணுமா?

இல்ல. இல்ல சார். அவரு எனக்கு ஃப்ரீ சீட்டும் குடுக்கல, ஃபீஸும் கட்டல... நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. பதினேழாவது லெட்டர் ஞாபகம் இருக்கா? பொண்ணப் பாக்க மீன் கூடையோட வந்த அம்மாவ, நாத்தம் உள்ள வரக்கூடாதுன்னு ரெண்டு மணி நேரம் கேட்டுக்கு வெளியே வெயில்ல நிக்க வெச்சானே ஒரு ஆளு... ஆமா. அவரேதான். நின்னது எங்கம்மா செல்வம்மாள்.

...என்ன?... அவருக்கு ப்ரூஃப் அனுப்பிட்டீங்களா! எப்போ?... படிச்சாரா?... பதினேழாவதுமா?

...அழுதாரா.

...'யாருங்க அந்தக் கல்நெஞ்சக்காரன்'னு உங்களையே கேட்டாரா.

...இல்ல, இருக்கேன். லைன்லதான் இருக்கேன்... சார், இப்பவே அச்சுக்கு அனுப்பாதீங்க. விழா நடக்கட்டும், அவரு வரட்டும், நல்லா முன்னாடி உக்காரட்டும். அந்த முப்பத்திரண்ட மொதல்ல தூக்குங்க. பதினேழுல ஒரு பேரு சேக்கணும்... முடியாதுன்னெல்லாம் சொல்லாதீங்க. அவரு கேட்டாரில்ல, பதில் சொல்ல வேணாமா? பேனா இருக்கா? எழுதிக்கோங்க. தா... மோ... ஹலோ? சார்? ஹலோ?