இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும்

உங்கள் மின்விசிறியைத் துடைத்து ரொம்ப நாளாகிறது. குறை சொல்லவில்லை, தொழில் பழக்கம். செத்துக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து உயிர் கொடுக்கிறவன் நான். உள்ளே ஒரு தூசி விழுந்தால் கதை முடிந்தது. எந்த அறைக்குப் போனாலும் முதலில் மேலே பார்த்துவிடுவேன்.

மேசையில் உங்கள் போன் இருக்கிறதே, அதில் இருக்கும் படங்களுக்கு வேறு எங்காவது நகல் வைத்திருக்கிறீர்களா? இல்லை. முகத்திலேயே தெரிகிறது. உங்களைப் போன்றவர்களால்தான் என் அடுப்பு எரிகிறது. உங்களைப் போன்றவர்களை எனக்குப் பிடிப்பதுமில்லை.

பதினெட்டு வருடமாக ஒரே காட்சி. கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார்கள், "எப்படியாவது எடுத்துக் கொடுங்க சார்" என்பார்கள். எடுத்துக் கொடுத்தால் அடுத்த வருடம் அதே ஆள், அதே கண்ணீர், வேறு டிஸ்க். வலித்தால்தான் இவர்களுக்குப் புத்தி வரும்.

என் தங்கையும் அந்த ரகம்தான். எதற்கும் மூன்று நகல் வைப்பவன் என்பதால் எனக்கு 'ஜெராக்ஸ்' என்று பட்டம் கட்டியவள் அவள்தான். விருந்தாளிகள் முன்னாலும், "எங்க ஜெராக்ஸ் தும்மினாக்கூட மூணு காப்பி எடுத்து வெச்சுட்டுத்தான் மூக்கைத் துடைப்பார்" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

அவள் மகள் ஆறு வயதில் காய்ச்சலில் போனாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். குழந்தையின் ஆறு வருடமும் ஒரே டிஸ்க்கில் இருந்தது. டி.வி.க்குப் பின்னால், ஒற்றை ஒயரில் தொங்கிக்கொண்டு. காரியம் முடிந்த மறுவாரம் தங்கையின் கணவர் அலமாரியை நகர்த்தினார். டிஸ்க் தரையில் விழுந்தது.

தங்கை அதைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தாள். டிக், டிக் என்று சத்தம். உள்ளே தகட்டைப் படிக்கிற தலை உடைந்தால் அப்படித்தான் கேட்கும்.

"அண்ணா, எல்லாம் வேண்டாம். அவ சிரிக்கிறது ஒண்ணு கிடைச்சாப் போதும்."

அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து தலையைக் கழற்றி மாற்றினேன். எதையும் திறந்து பார்க்காமல் முதலில் முழு நகல் எடுத்தேன், அதுதான் முறை. மூன்றாம் நாள் எல்லாம் வந்துவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு வீடியோ. ஒவ்வொரு வேலைக்கும் நான் எழுதும் சீட்டின் கடைசி வரியில், 'இழப்பு: இல்லை' என்று எழுதினேன்.

தங்கையிடம், "போயிடுச்சும்மா. தலை தகட்டைச் சுரண்டிடுச்சு" என்றேன்.

இரண்டு வாரம் தவிக்கட்டும், பிறகு கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். அவள் சரியாகத் தவிக்கவில்லை. அழுதாள், ஆனால் ஒரு தடவைகூட, "நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்" என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். பதினோரு மாதம் ஓடிவிட்டது.

என்னை மாட்டிவிட்டது என் ஒழுங்குதான். நகல் எடுத்தால் மட்டும் போதாது, மாதம் ஒருமுறை ஓடவிட்டு, கடைசிவரை பார்த்தால்தான் அது நகல். அன்று பட்டறையில் வைத்திருந்த நகலைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. திரையில் குழந்தை, "ஜெராக்ஸ் மாமா, ஜெராக்ஸ் மாமா" என்று கைதட்டிக் கெக்கலித்தது. பின்னால் தங்கையின் சிரிப்பு. திரும்பினால் அவளே நின்றுகொண்டிருந்தாள்.

"என் பொண்ணு குரல்தானே இது?"

"ஆமா."

"எப்போலேர்ந்து இருக்கு?"

"நீ குடுத்த மூணாம் நாள்லேர்ந்து. நகல் எடுத்து வைன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"நீ மனுஷனாடா?"

பிறந்ததிலிருந்து அவள் என்னை 'டா' போட்டதில்லை. டிஸ்க்கை ஒயரோடு பிடுங்கினாள். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அப்படிப் பிடுங்கக் கூடாது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே பின்பக்க மாடிப்படிக்கு நகர்ந்தாள்.

பட்டறை இருப்பது மூன்றாவது மாடி. கைப்பிடிக் கம்பி வெல்டிங்குக்குப் போயிருந்தது, குறுக்கே ஒரு கயிறுதான். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், ஆனால் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்தவன்.

கயிறு அறுந்தது. ஒரு கையால் சுவரோரத் தண்ணீர்க் குழாயைப் பற்றினாள். டிஸ்க் இருந்த கையை என் பக்கம் நீட்டினாள்.

"அண்ணா, பிடி."

பிடித்தேன். டிஸ்க்கை எப்போதும் இரண்டு கையாலும்தான் பிடிக்க வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் படித்துப் படித்துச் சொல்வேன். அவளுடைய வெறும் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அவசரப்பட்டேன் என்று வாக்குமூலத்தில் எழுதாதீர்கள், நேரம் இருந்தது. உள்ளே ஏதாவது கழன்று உருளும் சத்தம் கேட்கிறதா என்று டிஸ்க்கைக் காதில் வைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. நிமிர்ந்தபோது கையைக் காணோம்.

கீழே சந்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்டிருக்காது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். டிஸ்க் அதிர்ந்திருக்கிறதே, சோதிக்க வேண்டாமா? நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடத்துக்குள் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். அது அவர் தொழில்.

வேறு இரண்டு நகல் இருந்ததே, பிறகு எதற்கு இதைப் பிடித்தாய் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்த மாதம் மற்ற இரண்டையும் நான் இன்னும் சோதித்திருக்கவில்லை.

அன்றைய சோதனைக்கு எழுதிய சீட்டு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அவளைப் பார்க்கக் கீழே இறங்குவதற்கு முன்னால் எழுதியது. கடைசி வரியைப் படித்துப் பாருங்கள். இழப்பு: இல்லை.