ஹரிக்குக் கலக்கிய மாவு

புரோட்டீன் பவுடரை வெந்நீரில் போட்டால் கட்டிதட்டிவிடும். பாதிப் பேருக்கு இது தெரியாது. கோவில்பட்டியில் கடை திறந்ததிலிருந்து, வாங்க வருகிற எல்லோரிடமும் இதைத்தான் முதலில் சொல்வேன். உயிர்வேதியியல் படித்தவன் நான். தசை எதனால் வளரும், எதனால் கரையும் என்று எனக்குத் தெரியும், சார்.

என் மனைவி வனிதா பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தையும் தங்கவில்லை. உடம்பில் ரத்தம் போதவில்லை என்றார்கள். அதன் பிறகு வீட்டில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும்தான். போலீஸ் தேர்வுக்கு ஓட்டமும் கயிறு ஏறுவதும் பழக அவள் தம்பி ஹரி நாகலாபுரத்திலிருந்து வந்து என்னோடு தங்கினான். கொடியில் இன்னொரு பனியன் காய்ந்தது. குளிக்கும்போது பாடுவான், சுருதி சேராது. நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

தேர்வாகிவிட்டால் அவனும் போய்விடுவான். அது எனக்கு மெல்லத்தான் உறைத்தது.

அவனுடைய டப்பாவில் இருந்த பவுடரை எடுத்துவிட்டு மக்காச்சோள மாவை நிரப்பினேன். வாசனைக்குக் கொஞ்சம் வெனிலா. சோற்றைக் குறை, முட்டை வேண்டாம், இதுவே போதும் என்றேன். கடைக்காரன் சொன்னால் நம்புவார்கள்.

“அத்தான், கயித்தைப் பிடிச்சா கை நடுங்குது. என்கூட ஜிம்முக்கு வர்ற இசக்கி வெறும் கடலைமிட்டாயைத் தின்னுட்டு உச்சிக்குப் போயிட்டு வாரான்.”

“அவன் உடம்பு வாகு அப்படிலே. உனக்கு மெதுவாத்தான் ஏறும்.”

“பட்டினி போட்டே என்னையச் சாமியாராக்கிருவீங்க போல” என்று சிரித்தான். டம்ளரைக் காலி செய்த பிறகுதான் கீழே வைத்தான்.

போன வருடம் அவன் தேறவில்லை. அன்று அழுதான். தோளைத் தட்டிக்கொடுத்தேன்; எலும்பு கையில் தட்டுப்பட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இந்த வருடம் விடுவதில்லை என்று, ஜிம்முக்குப் பின்னால் வேப்பமரத்தில் கயிறு கட்டி ஏறினான். உச்சியில் கை விட்டுவிட்டது. கோடையில் கரிசல் கல்லாக இறுகிக் கிடக்கும். தலைதான் முதலில் பட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது.

டப்பாவைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அதில் விஷம் இருக்காது. நான் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை, சார். கொடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

வனிதாவுக்கும் அப்படித்தான். கிருஷ்ணகிரியில் ஆசிரியை வேலைக்கு அவளுக்கு உத்தரவு வந்திருந்தது. பிரசவம் முடிந்ததும் போய்ச் சேருவதாக இருந்தாள். உடம்பு சோர்ந்திருந்தால் போகமாட்டாள் என்று நினைத்தேன். அவளுடைய இரும்புச்சத்து கேப்ஸ்யூல்களைத் திறந்து, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, இதே மாவைத்தான் நிரப்பினேன். தினமும் நானே தண்ணீரோடு கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் இவ்வளவு கவனித்துக்கொண்டும் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனாளே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.